சுவரிலே தொங்கும் தராசு

கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் ஒருவர், இருவருக்கும் நடுவே ஓர் அளவுகருவி: உலகத்து வாணிபமெல்லாம் இம்மூன்றினுள் அடங்கிவிடும். கொடுப்பவரும் கொள்பவரும் முன்பின் அறியாதவராயிருப்பினும் குற்றமில்லை. நடுவே நிற்கும் அளவுகருவியை இருவரும் நம்பவேண்டும். அந்த நம்பிக்கை தளருமாயின் சந்தை கலையும், சண்டை மூளும்.

கிழக்கிலங்கையின் வட்டைகளிலே முன்னாளில் நெல் அளந்த முறையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சூடடித்து முடிந்த களத்திலே போடியார் ஒருபுறமும் நெல் கொள்ள வந்தவர் மறுபுறமும் நிற்பர். நடுவே மரைக்கால் இருக்கும். குவித்து அளப்பதா, தலைவழித்து அளப்பதா என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்வர். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லி அளப்பர். இருவர் கண்ணும் ஒரே மரைக்காலின் மீது பதிந்திருக்கும். இன்று மரைக்காலின் இடத்தைத் தராசு பிடித்துக்கொண்டது. மூடை மூடையாக நிறுக்கின்றனர். ஆயினும் முறை மாறவில்லை. தராசு காட்டும் எண்ணை இருவரும் பார்த்த பின்னரே பணம் கைமாறுகிறது.

அட்டாளைச்சேனையைப் போன்ற ஊர்களில் வாழும் எங்களுக்கு இது வாணிபத்தோடு நின்றுவிடும் விடயமன்று, மார்க்கத்தைச் சார்ந்ததுமாகும். திருக்குர்ஆனின் 83 ஆவது அத்தியாயம் 'அல்முதஃப்பிஃபீன்' என்று பெயர் பெற்றது. அளவிலும் நிறையிலும் மோசம் செய்வோர் என்பது அதன் பொருள். அரசும் இவ்விடயத்திற் கண்மூடி இருக்கவில்லை. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி வியாபாரிகளின் தராசுகளும் படிகளும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும். சந்தையில் மீன் நிறுக்கும் தராசும் இவ்விதிக்கு விலக்கன்று.

இத்தனை கட்டுக்காவலுக்கும் அப்பால், வீட்டுக்கு வீடு ஒரு தராசு தொங்குகிறது. அதில் ஏறும் பண்டத்தைக் கண்ணாற் காணவியலாது. கையால் தூக்கிப் பார்க்கவியலாது. தராசின் சொந்தக்காரர் பண்டத்தை விற்பவரே. அதன் மூடியை முத்திரையிட்டுப் பூட்டியிருப்பவரும் அவரே. அது இரவும் பகலும் ஓயாது நிறுத்துக்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை அது காட்டும் எண்ணைக் கொண்டு நமது வீட்டின் வரவுசெலவு ஆட்டங்காண்கிறது. மின்சார மீற்றரைத்தான் சொல்லுகிறேன்.

மின்சாரம் மலிவாயிருந்த காலத்தில் எவரும் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. இலங்கையில் 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டன. பின்னர் இறக்கமும் ஏற்றமுமாகப் பலமுறை மாறிற்று. அன்று தொடங்கி, பள்ளிவாசல் முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் கடற்கரை மணலிலும் ஒரே பேச்சாக இருக்கிறது: "மீற்றர் பிழையாக ஓடுகிறது." இப்பொழுது ஸ்மார்ட் மீற்றர் என்னும் புதிய கருவி வேறு வந்துகொண்டிருக்கிறது. மேற்குக் கரையோரத்தில் லங்கா மின்சாரக் கம்பனி விநியோகம் செய்யும் ஊர்களில் அது பரவத் தொடங்கிவிட்டது. வாசிப்பாளர் வீடு தேடி வரவேண்டியதில்லை. கணக்கைக் கருவியே அனுப்பிவிடும். வாசிப்பாளரோடு வாசலில் நின்று இரண்டு வார்த்தை வழக்காடும் வாய்ப்பும் அதனோடு போய்விடும். ஆகவே, இத்தராசு நேரானதுதானா என்பதை வீட்டிலிருக்கும் சாதாரண மனிதர் சோதித்தறிய வழியுண்டா என்னும் வினா முன்னரினும் முக்கியமாகிறது.

வழியுண்டு. அதற்கு வேண்டியவை ஒரு கைக்கடிகாரம், ஒரு கேத்தல், ஒரு லீற்றர் தண்ணீர், சிறிது பொறுமை. இவை நான்குமே.

அளந்த முறையின் வரலாறு

மின்சாரத்தை விற்கத் தொடங்கிய நாளிலேயே இச்சந்தேகமும் பிறந்துவிட்டது. 1882 இல் நியூயோர்க் நகரத்தின் பேள் வீதியில் மின்னிலையம் அமைத்த எடிசன், அளப்பதற்கு ஒரு விந்தையான கருவியைக் கையாண்டார். கரைசல் நிறைந்த சாடியொன்றிலே இரண்டு நாகத் தகடுகள் தொங்கும். மின்சாரம் பாயப் பாய ஒரு தகட்டிலிருந்து நாகம் கரைந்து மற்றதிற் படியும். மாதமுடிவிற் கம்பனியின் ஆள் வந்து தகடுகளை எடுத்துச் சென்று நிறுத்துப் பார்த்துப் பட்டியல் அனுப்புவார். கருவி பிழையென்று சொல்வதற்கில்லை. ஆனால் வீட்டுக்காரரால் அதை வாசிக்க முடியாது. கம்பனி சொன்னதே கணக்கு.

1889 இல் ஹங்கேரி நாட்டுப் பொறியியலாளர் ஒட்டோ பிளாத்தி சுழலும் தட்டுக் கொண்ட மீற்றரை அமைத்தார். நமது வீடுகளில் நெடுங்காலம் சுழன்ற அலுமினியத் தட்டு அந்த வழியில் வந்ததே. தட்டின் ஓரத்தில் ஒரு கறுப்பு அடையாளம் இருக்கும். கேத்தலைப் போட்டால் தட்டு விரையும், நிறுத்தினால் தளரும். எழுத்தறியாத மூத்தம்மாவுக்கும் அதன் பாஷை விளங்கும். எடிசனின் சாடியினும் அது மேம்பட்டதற்கு அதன் நுட்பம் மாத்திரம் காரணமன்று. கொள்பவரின் கண்ணுக்கு அது மறைவின்றி இருந்தது.

இன்றைய மின்னணு மீற்றரிலே சுழல்வது எதுவுமில்லை. கம்பியிற் பாயும் மின்னோட்டத்தையும் அதன் வோல்ற்றளவையும் ஒரு செக்கனுக்குப் பலநூறு, பல்லாயிரம் முறை தொட்டுப் பார்த்து, ஒன்றையொன்று பெருக்கிக் கூட்டிக்கொண்டே செல்லும் கணிப்புக் கருவி அது. ஸ்மார்ட் மீற்றர் என்பதும் அளக்கும் வகையில் இதுவே. அளந்ததைத் தொலைவுக்கு அனுப்பும் நாவும், தொலைவிலிருந்து இணைப்பைத் துண்டிக்கும் கையும் அதற்குக் கூடுதலாக வாய்த்திருக்கின்றன.

சுழலும் தட்டுப் போய்விட்டதே, இனி எதைப் பார்ப்பது என்று மயங்கவேண்டாம். மீற்றரின் முகத்திலே செந்நிறப் பொட்டுப்போல ஒரு சிறு விளக்கு உண்டு. அது விட்டுவிட்டு மின்னும். அருகே ஓர் எண்ணும் பொறித்திருக்கும். 1600 என்றோ 3200 என்றோ காணலாம். ஓர் அலகு மின்சாரம், அதாவது ஒரு கிலோவாற்று மணி, செலவாகும்போது அவ்விளக்கு அத்தனை முறை மின்னவேண்டும் என்பதே அதன் பொருள். பழைய தட்டின் கறுப்பு அடையாளம் இங்கே செம்பொட்டாக மாறியிருக்கிறது.

கேத்தலின் சாட்சியம்

முகத்தில் 1600 என்று பொறித்த மீற்றரை எடுத்துக்கொள்வோம். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே கழியும் செக்கன்களை எண்ணுக. 2250 என்னும் எண்ணை அச்செக்கன்களால் வகுத்தால், அவ்வேளையில் வீடு இழுக்கும் வாற்று கிடைக்கும். 3200 என்று பொறித்ததாயின் 1125 ஐ வகுக்கவேண்டும். மின்விசிறி ஒன்று மாத்திரம் சுழலும் வீட்டில் 37 அல்லது 38 செக்கனுக்கு ஒருமுறை மின்னினால், விசிறி 60 வாற்று அளவில் இழுக்கிறதென்று அறியலாம்.

இதைக் கொண்டே மீற்றரைச் சோதித்துவிடலாமே என்று தோன்றும். கேத்தலின் அடியில் 2000 வாற்று என்று எழுதியிருக்கிறது. மீற்றரும் 2000 காட்டவேண்டுமன்றோ? இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். கேத்தல் இழுக்கும் வாற்று, கம்பியில் வரும் வோல்ற்றளவைப் பொறுத்தது. நமது நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ற்று. கூடியும் குறைந்தும் 6 சதவீதம் விலகலாம் என்பது விதி. வோல்ற்று 6 சதவீதம் குறைந்தால் வாற்று ஏறக்குறைய 12 சதவீதம் குறைந்துவிடும். மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள ஒழுங்கையின் கடைசி வீட்டில், மாலை வேளையில், இவ்வேறுபாடு சாதாரணம். ஆகவே கேத்தலின் அடியில் எழுதிய எண்ணை நம்பி மீற்றரைக் குற்றஞ்சாட்டலும் ஆகாது; மன்னித்தலும் ஆகாது.

வேறு சாட்சி வேண்டும். எவராலும் விலைக்கு வாங்கவியலாத சாட்சி ஒன்று இருக்கிறது. அதுதான் தண்ணீர்.

ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4186 யூல் வெப்பம் வேண்டும். வெப்பமும் வேலையும் ஒன்றற்கொன்று மாறும் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நிலைநாட்டிய இங்கிலாந்து நாட்டு ஜேம்ஸ் யூலின் பெயராலேயே இவ்வலகு வழங்குகிறது. இந்தக் கணக்கு அட்டாளைச்சேனையிலும் ஒன்று, அமெரிக்காவிலும் ஒன்று. வோல்ற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. வோல்ற்றுக் குறைந்தால் தண்ணீர் கொதிக்க நேரம் செல்லும், அவ்வளவே. எங்கள் கரையிலே கிணற்றுத் தண்ணீர் 28 பாகை அளவில் இருக்கும். அது கொதிப்பதற்கு 100 பாகையை எட்டவேண்டும். இடையே 72 பாகை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 72 ஐ 4186 ஆற் பெருக்கினால் 3,01,392 யூல் வரும். ஓர் அலகு மின்சாரம் 36 இலட்சம் யூல். வகுத்துப் பார்த்தால் 0.0837 அலகு. 1600 பொறித்த மீற்றரில் இது 134 மின்னல்.

எந்தக் கேத்தலும் முழு வெப்பத்தையும் தண்ணீருக்கே கொடுத்துவிடாது. தன் உடலைச் சூடாக்கும். ஆவியாகச் சிறிது போகும். காற்றுக்கும் சிறிது கொடுக்கும். நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு பங்கு தண்ணீருக்குச் சேர்வது வழக்கம். அவ்வாறு பார்த்தால் 150 க்கும் 170 க்கும் இடைப்பட்ட மின்னல்களை எதிர்பார்க்கலாம். எண்ணிக்கை 200 ஐத் தாண்டுமாயின் ஐயுறுவதற்கு இடமுண்டு. 134 இனுங் குறையுமாயின் மீற்றர் விற்பவருக்கு நட்டமாக ஓடுகிறதென்க. குறைநிறை இருபக்கமும் வெட்டும் வாளாகும். அதையும் அறிவித்தலே நேர்மை.

சோதிக்கும்போது கவனிக்கவேண்டியவை சில. வீட்டிலுள்ள மற்றெல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிடவேண்டும். குளிர்சாதனப் பெட்டி மறந்துபோகும், அதையும் நிறுத்துக. கேத்தல் ஆறியிருக்கவேண்டும். தண்ணீரை ஒரு லீற்றர்ப் போத்தலால் திருத்தமாக அளந்து ஊற்றி மூடியை மூடவேண்டும். ஒருவர் கேத்தலருகிலும் ஒருவர் மீற்றரருகிலும் நின்று, ஆளி போட்ட கணத்திலிருந்து கேத்தல் தானாக நிற்கும்வரை எண்ணவேண்டும். மின்னல் விரைவாக இருக்குமாதலால் கைத்தொலைபேசியில் ஒளிப்படமாகப் பிடித்து வைத்துப் பின்னர் ஆறுதலாக எண்ணுதல் நன்று. முத்திரையைத் தொடவோ மூடியைத் திறக்கவோ கூடாது. அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. இச்சோதனைக்கு அது வேண்டியதுமில்லை.

குற்றவாளி வேறிடத்தில்

சென்ற ஆண்டு அயல்வீட்டு மாமி ஒருவர் மின்பட்டியலைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தனித்து வாழ்பவர். மாதம் 54 அலகு அளவில் வந்த கணக்கு 129 ஆகியிருந்தது.

"மகன், நான் என்னத்தப் பாவிக்கன்? ரெண்டு லைட், ஒரு ஃபேன், அந்தப் பழைய ஃபிரிஜ். இந்தப் பெட்டிதான் பொய் சொல்லுது. கழட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாங்க."

"எழுதுவம் மாமி. முதல்ல பெட்டிய விசாரிப்பம், பிறகு தீர்ப்புச் சொல்லுவம்" என்றேன்.

அலகு இரண்டரை மடங்குதான் கூடியிருந்தது. பணமோ அதனினும் பன்மடங்காகக் கூடியிருந்தது. இதற்கு மீற்றர் பொறுப்பன்று. 2022 க்குப் பின் வந்த கட்டண முறைகளில் வீட்டுப் பாவனையாளருக்கு மாதம் 60 அலகு ஒரு வரம்பாக நின்றது. வரம்புக்கு உட்பட்டோருக்கு ஒரு விலை. கடந்தோருக்கு முதல் அலகிலிருந்தே வேறு விலை. நிலையான கட்டணமும் வேறு. வாழை வரம்பில் ஏறிய வெள்ளம் போல, 60 ஐத் தாண்டிய கணக்கு வீட்டுக்குள் புகுந்துவிடும். பட்டியலில் உள்ள நாட்களையும் பார்த்தேன். முப்பது நாளுக்குச் சற்றுக் கூடினாற் படிகளின் எல்லையும் நாள்வீதப்படி நீட்டப்படுவது முறை. அதிலும் பிழையில்லை. பட்டியலில் எழுதிய வாசிப்பும் மீற்றரில் தெரிந்த வாசிப்பும் ஒத்தே சென்றன. இவ்வொப்பீடு சிறிதென எண்ணற்க. 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது வாசிப்பாளர் வீடுகளுக்குச் செல்லவியலாமற் போனபின் நாடெங்கும் எழுந்த முறைப்பாடுகளுக்கு மீற்றர் காரணமாயிருக்கவில்லை; வாசிக்கப்படாத மாதங்களின் கணக்கே காரணமாயிற்று.

அடுத்து மௌனச் சோதனை. வீட்டின் பிரதான ஆளியை நிறுத்தினோம். செம்பொட்டு அணைந்தது, கால்மணி நேரம் காத்திருந்தும் மின்னவில்லை. மீற்றர் வெறுமனே ஓடவில்லை என்பதற்கும், இடையில் எவரும் கம்பி கோத்துக் களவெடுக்கவில்லை என்பதற்கும் அதுவே அத்தாட்சி. பின்னர் எங்கள் வீட்டுக் கேத்தலைக் கொண்டு தண்ணீர்ச் சோதனை செய்தோம். 156 மின்னல். அதே கேத்தலுக்கு எங்கள் வீட்டு மீற்றர் காட்டியது 153. இரண்டு வீட்டு மீற்றரும் ஒரே வாக்குமூலம் அளித்தன. பெட்டி குற்றவாளியன்று.

இனி வீட்டுக்குள்ளே தேடவேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். குளிர்சாதனப் பெட்டியின் முறை வந்தபோது செம்பொட்டு 15 செக்கனுக்கு ஒருமுறை மின்னிற்று. 2250 ஐ 15 ஆல் வகுக்க 150 வாற்று. அதிற் பிழையில்லை. அத்தகைய பெட்டி சிறிதுநேரம் ஓடிச் சிறிதுநேரம் ஓயவேண்டும். இதுவோ ஒரு மணிநேரம் பார்த்திருந்தும் ஓயவில்லை. கதவின் இறப்பர்ப் பட்டி ஒரு பக்கம் கிழிந்து, உள்ளிருந்த குளிர் அடுப்பங்கரைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. 150 வாற்று, 24 மணிநேரம், 30 நாள்: 108 அலகு. மிகுதி 21 அலகுதான் மாமியின் விளக்கும் விசிறியும். கூட்டினால் 129. கணக்குப் புள்ளி பிசகாமல் முடிந்தது.

கடிதம் எழுதவேண்டிய தேவை நீங்கிற்று. பட்டி மாற்றிய அடுத்த மாதம் கணக்கு 60 க்குக் கீழே இறங்கிவிட்டது.

மீற்றரும் தவறுவதுண்டு

இதனால் மீற்றர் பிழைபடாது என்று முடிவுகட்டுதல் பேதைமை. தரங்குறித்த மீற்றருக்கும் விலகல் அனுமதிக்கப்பட்டே இருக்கிறது. முதலாம் வகுப்பு மீற்றர் நூற்றுக்கு ஒன்றும், இரண்டாம் வகுப்பு மீற்றர் நூற்றுக்கு இரண்டும் விலகலாம். கேத்தற் சோதனை இத்துணை நுண்ணிய பிழையைக் காட்டாது. பருமனான பிழையையே காட்டும்.

2009 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்பீல்ட் நகர மக்கள், பசிபிக் எரிவாயு மின்சாரக் கம்பனி பூட்டிய ஸ்மார்ட் மீற்றரால் பட்டியல் மிகுந்துவிட்டதென்று வழக்காடினர். 2010 இல் வெளியார் ஒருவரைக் கொண்டு 750 க்கு மேற்பட்ட மீற்றர்கள் சோதிக்கப்பட்டன. மீற்றர்கள் பெரும்பாலும் நேராகவே அளந்தன என்றும், அவ்வாண்டுக் கோடையின் கடும் வெப்பமும் கட்டண மாற்றமும் பட்டியலை உயர்த்தின என்றும் கண்டனர். மக்களின் முறைப்பாட்டைக் கம்பனி உரிய முறையிற் கேளாதது சந்தேகத்தை வளர்த்தது என்பதையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை. கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. 2011 இல், வெப்பம் மிகும்போது ஏறக்குறைய 1600 மீற்றர்கள் வேகமாக ஓடுகின்றன என்பதை அக்கம்பனியே வெளிப்படுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இலட்சக்கணக்கில் 1600 சிறுதொகை. அந்த 1600 வீட்டாருக்கு அது சிறிதன்று.

2017 இல் நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகத்தில் பிராங்க் லெஃபெரிங்கும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. ஒன்பது மின்னணு மீற்றர்களைச் சோதித்ததில் ஐந்து, உண்மையிற் செலவானதினும் மிகுதியாகக் காட்டின. மிக மோசமான நிலையில் விலகல் 582 சதவீதத்தை எட்டிற்று. இரண்டு மீற்றர்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்துக் காட்டின. ஒளி குறைக்கும் ஆளியோடு சிக்கன மின்குமிழ்களும் எல்ஈடி குமிழ்களும் சேர்ந்து மின்னோட்டத்தின் அலைவடிவைச் சிதைத்தமையே காரணம். ஆய்வுகூடத்தில் வேண்டுமென்று உண்டாக்கிய கடுநிலை அது. எல்லா வீட்டிலும் நேர்வதன்று. ஆயினும் இங்கே ஓர் உண்மை இருக்கிறது. கேத்தல் இழுக்கும் மின்னோட்டம் அலைவடிவு சிதையாதது. ஆகவே இவ்வகைக் கோளாறு கேத்தற் சோதனையில் அகப்படாது. கேத்தல் நல்லதென்று சொன்ன மீற்றரும் வேறு சாதனங்களின் முன்னே தடுமாறலாம்.

இதற்கு மருந்து ஒன்றே: ஐயத்துக்குரிய மீற்றருக்கு அருகே நம்பத்தகுந்த இன்னொரு மீற்றரைத் தொடராகப் பூட்டி, இரண்டையும் ஒரே வீட்டின் ஒரே பாவனையை அளக்கவிட்டு ஒப்பிடுதல். களத்திலே இரண்டாவது மரைக்காலால் மீள அளந்து பார்ப்பது போன்றது இது. இந்தியாவில் 2024 பெப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் இதைக் கட்டாயமாக்கின. மீற்றர் காட்டும் கணக்கு பாவனைக்கு ஒவ்வவில்லை என்று ஒருவர் முறையிட்டால், ஐந்து நாளுக்குள் மேலதிக மீற்றரைப் பூட்டி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஸ்மார்ட் மீற்றர் வரும் ஊர்களுக்கெல்லாம் இத்தகைய ஏற்பாடு உடன்வருதல் நன்று. எங்கள் நாட்டில் மீற்றரைப் பரிசோதிக்குமாறு எழுத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். தீராத பிணக்கை 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் முன் வைக்கலாம். விண்ணப்பத்தோடு, நாள் குறித்து எழுதிய வாசிப்புகளும் கேத்தற் சோதனையின் எண்ணிக்கையும் இருந்தால், அது வெறும் புலம்பலாக இராது, சான்றாக நிற்கும்.

பழைய தட்டு மீற்றரைக் கழற்றிப் புதியதைப் பூட்டியவுடன் அலகு கூடிவிட்டதென்போருக்கும் ஒரு சொல். முதுமையால் உராய்வு மிகுந்த தட்டுத் தளர்ந்து சுழலும். தொலைக்காட்சியின் உறக்கநிலை, கைத்தொலைபேசி மின்னூட்டி போன்ற சிறு இழுப்புகளை அது உணராமலே இருக்கும். புதியது அவற்றையும் எண்ணுகிறது. புதியது ஏமாற்றுகிறதா, பழையது இத்தனை நாள் சலுகை செய்ததா என்பதைத் தண்ணீரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

நீரும் மின்சாரமும் எங்கள் மாவட்டத்தில் நெடுநாள் உறவினர். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக உண்டான சேனாநாயக்க சமுத்திரத்து நீர், வயலை அடையுமுன் இங்கினியாகலையில் மின்சாரம் பிறப்பித்தே வருகிறது. அந்நீரால் பிறந்த மின்சாரத்தை அளக்கும் கருவியை நீரைக் கொண்டே சோதிக்கலாம் என்பதிலே ஒரு பொருத்தம் இருக்கிறது.

இச்சோதனையை ஒரு வீடு தனித்துச் செய்வதினும் ஓர் ஒழுங்கை சேர்ந்து செய்தால் பயன் பெரிது. ஒரே கேத்தல், ஒரே அளவுத் தண்ணீர், பத்து வீடு. கேத்தலில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்னும் கணக்கே அப்பொழுது தேவைப்படாது. ஒன்பது வீடு 150 ஐச் சுற்றி நிற்க ஒரு வீடு 190 காட்டுமாயின், விசாரிக்கவேண்டிய பெட்டி எது என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். எங்கள் ஊரிலே கல்வியியற் கல்லூரி இருக்கிறது, ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பாடசாலைகளுக்கும் குறைவில்லை. வெப்பத்தின் அளவைப் பாடமாகப் படிக்கும் மாணவர், ஒரு சனிக்கிழமை காலை கேத்தலும் கடிகாரமும் ஏந்தித் தம் ஒழுங்கைக்குள் இறங்கினால், பாடமும் படிந்துவிடும், ஊருக்கும் உதவியாகும். பத்து வீட்டின் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, நாளும் நேரமும் குறித்து, ஆண்டுக்கொருமுறை அதைப் புதுப்பித்து வைத்தல் அதிக வேலையன்று. அந்தத் தாள் இருக்குமாயின், நாளைக்கு எந்தப் புதிய மீற்றர் வந்தாலும், வந்த முதல் வாரத்திலேயே அதனிடம் கணக்குக் கேட்க ஊர் ஆயத்தமாக இருக்கும்.